பாண்ட் செற் புதுசு, ஃபேன் பழுது: பாடசாலைக் காசு எப்படிப் பிரிகிறது?

கச்சான் காற்று அடிக்கிற ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, பெற்றார் கூட்டம். எட்டாம் ஆண்டு வகுப்பறையில்தான் வைத்தார்கள், ஏனென்றால் மண்டபத்துக்குள் புதிதாக வந்த பாண்ட் வாத்தியங்கள் பெட்டி பிரிக்காமல் அடுக்கிக் கிடந்தன. எங்கள் தலைக்கு மேலே இரண்டு ஃபேன். ஒன்று சுற்றவில்லை. மற்றது சுற்றியது, சத்தம் வந்தது, காற்றுத்தான் வரவில்லை. பேரனுக்காக வந்திருந்த ஒரு அம்மா பின் வாங்கிலிலிருந்து எழும்பி, "சேர், மேளம் வாங்கக் காசிருக்கு, இந்த ஃபேனைத் திருத்த இல்லையோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அதிபர் சிரிக்கவில்லை. "அது வேற காசு அம்மா" என்றார். அம்மாவுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்றைக்குப் படவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் என்னைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயற்குழுவுக்குப் பிடித்துப் போட்டார்கள். மூன்று வருடம் இருந்தேன். திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளிப் பக்கம் போகிற வழியில் உள்ள சின்னப் பாடசாலை, பெயர் வேண்டாம். மூன்று வருடத்தில் நான் படித்தது பெரும்பாலும் அந்த ஒரு வசனத்தின் பொருளைத்தான்: அது வேற காசு. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகிற எவருக்கும் இது தெரிந்திருந்தால் நல்லது என்று நினைக்கிறேன், குறைந்தபட்சம் சும்மா அதிபரோடு சண்டை பிடிக்காமல், பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கலாம்.

வீட்டில் காசு என்றால் காசுதான். சம்பளம் வருகிறது, அதிலேயே அரிசி, அதிலேயே மின்சார பில், அதிலேயே கோயில் உபயம். ஒன்றில் மிஞ்சினால் மற்றதில் போடுவோம். அரசாங்கப் பணம் அப்படி இல்லை. ஒவ்வொரு ரூபாயும் பிறக்கும்போதே பெயர் வைத்துத்தான் பிறக்கிறது. சம்பளம் என்று பெயர் வைத்த ரூபாய் கடைசிவரை சம்பளம்தான், சத்துணவு என்று பெயர் வைத்த ரூபாயில் ஒரு ஆணிகூட வாங்க முடியாது. இப்படிப் பெயர் வைக்காமல், அல்லது பெயரை மிகவும் தளர்வாக வைத்து, "இதை உங்கள் புத்திக்குத் தோன்றியபடி தேவை பார்த்துச் செலவழியுங்கள்" என்று விடுகிற சின்னப் பகுதிக்குத்தான் தற்றுணிபு நிதி என்று அலுவலகத் தமிழில் பெயர். கூட்டங்களில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. "எஸ்.டி.எஸ். காசு", "கியூ.ஐ. காசு" என்பார்கள், முதலாவது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் காசு, மற்றது தர உள்ளீடு என்று கற்றல் கற்பித்தலுக்கு வருகிற அரச காசு. நானும் அப்படியே சொல்லப்போகிறேன்.

முதலில் பெரிய காசைப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடலாம், ஏனென்றால் அது பாடசாலையின் கையில் ஒருபோதும் வருவதில்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு நாட்டின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ். தேசியப் பாடசாலை என்று பெயர் வாங்கிய சில நூறு மட்டும் நேராகக் கொழும்பில் உள்ள கல்வி அமைச்சின் கீழ். நாங்கள் மாகாணப் பாடசாலை. கொழும்புத் திறைசேரியிலிருந்து எந்த மாகாணத்துக்கு எவ்வளவு என்று நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்யும், தொகுதிக் கொடை என்ற பெயரில் அது மாகாணத்துக்கு வரும், மாகாணத் திணைக்களத்திலிருந்து வலயக் கல்விப் பணிமனைக்குப் போகும். கிழக்கு மாகாணத்தின் தலைமைக் காரியாலயங்கள் எல்லாம் திருகோணமலை நகரத்துக்குள்ளேயேதான் இருக்கின்றன, எங்கள் பாடசாலையிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம், ஆனால் காசு மட்டும் அவ்வளவு சுருக்காக வருவதில்லை. எங்கள் மாவட்டத்தில் ஐந்து வலயம்: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய். ஆசிரியர் சம்பளம் வலயத்திலிருந்து நேராக அவரவர் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். அதிபர் அதைத் தொடுவதுமில்லை, குறைக்கவோ கூட்டவோ அவரால் முடிவதுமில்லை.

இன்னொரு வகை, பொருளாகவே வருவது. 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூல், 1993இல் தொடங்கிய இலவசச் சீருடைத் துணி, இவையெல்லாம் பணமாக வாசலுக்கு வருவதே இல்லை. "எங்களிடம் கணக்குப் புத்தகம் ஐம்பது மிச்சம், அதற்குப் பதிலாக ஒரு பிரிண்டர் தாருங்கள்" என்று கேட்க வழியில்லை.

அப்படியானால் பாடசாலை தானே தீர்மானிக்கிற காசு எவ்வளவு? ஒரு பேச்சுக்கு எண் போட்டுப் பார்ப்போம், இவை நானாகப் போட்ட எண்கள், எந்தப் பாடசாலையின் கணக்கும் அல்ல. 180 பிள்ளைகள், 14 ஆசிரியர்கள். ஆளுக்கு மாதம் 60,000 ரூபா சம்பளம் என்று வைத்தால் வருடத்துக்கு ஒரு கோடியே 80 ஆயிரம். தர உள்ளீட்டுக் காசு இரண்டு லட்சம், சங்கத்துக் காசு ஒரு லட்சம் என்று வையுங்கள். சேர்த்துப் பார்த்தால் நூறு ரூபாயில் மூன்று ரூபா. அதிபர் மேசைக்கு முன்னால் நின்று நாங்கள் போடுகிற சண்டை முழுக்க, முறைப்பாட்டுக் கடிதம் முழுக்க, பெற்றார் கூட்டத்தின் மூன்று மணி நேரம் முழுக்க, அந்த மூன்று ரூபாயைப் பற்றித்தான். மிச்சம் 97 ரூபாயைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, பேசியும் பிரயோசனமில்லை.

ஆனால் அந்த மூன்று ரூபாயும் ஒரே மாதிரியானதல்ல.

கியூ.ஐ. என்பது தர உள்ளீடு. 2000ஆம் ஆண்டளவில் கொண்டுவந்த முறை. அதற்கு முன் யாருக்கு ஆள் தெரியுமோ அந்தப் பாடசாலைக்குப் பொருள் போகும் என்ற நிலை. பிள்ளைகளின் எண்ணிக்கை, எந்தெந்த வகுப்பு, உயர்தர விஞ்ஞானம் உண்டா இல்லையா என்று ஒரு சூத்திரம் வைத்துப் பிரிக்கத் தொடங்கினார்கள். சின்னப் பாடசாலைக்குத் தலைக்கு விழும் தொகை கொஞ்சம் கூட, ஏனென்றால் பத்துப் பிள்ளை படிக்கிற வகுப்புக்கும் ஒரு கரும்பலகை வேண்டும், நாற்பது பிள்ளை படிக்கிற வகுப்புக்கும் ஒரு கரும்பலகைதான் வேண்டும். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் இந்தக் காசு கற்றல் கற்பித்தலுக்கு என்று கட்டப்பட்டது. வெண்கட்டி, தாள், ஆய்வுகூடப் பொருள், நூலகப் புத்தகம், விளையாட்டுப் பந்து, வரைபடம். அதற்குள் எது வேண்டும் என்று பாடசாலை தீர்மானிக்கலாம், அதற்கு வெளியே போக முடியாது. வேலி போட்ட வளவுக்குள் மாடு எங்கேயும் மேயலாம் என்கிற மாதிரி. அதற்குள்ளும் முடிந்து தீர்கிற பொருள் ஒரு பக்கம், நின்று பயன்படுகிற பொருள் இன்னொரு பக்கம் என்று பிரித்திருப்பார்கள். தாள் வாங்குகிற பக்கத்தில் மிஞ்சியதை எடுத்து அலுமாரி வாங்கினால் கணக்காய்வில் கேள்வி வரும்.

எஸ்.டி.எஸ். காசு, அதாவது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் காசு, இதைவிடச் சுதந்திரமானது. பெற்றார், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் எல்லாரும் அங்கத்தவராகலாம். பதவி வழியில் அதிபர்தான் தலைவர். அங்கத்துவப் பணம், சிற்றுண்டிச்சாலையை ஏலத்துக்குக் கொடுத்து வருகிற வாடகை, மைதானத்தையோ மண்டபத்தையோ யாராவது எடுத்தால் தருகிற தொகை, கலைவிழா ரிக்கெற், அன்பளிப்பு, இப்படிச் சேர்கிறது. செயற்குழுவில் பேசி, தீர்மானம் எழுதி, அதன்படி செலவு. அரச ஒதுக்கீடு டிசம்பர் 31க்குள் பாவிக்காவிட்டால் அடுத்த வருடத்துக்கு வராது, ஆனால் எஸ்.டி.எஸ். காசு வங்கியிலேயே இருக்கும், அடுத்த வருடமும் இருக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மழைக்காலத்துக்கு வரும்போது தேவைப்படும்.

சரி, பாண்ட் செற்? அது இந்த இரண்டுமே இல்லை. அது பாடசாலைக்கு வந்த தற்றுணிபுக் காசு அல்ல, வேறொருவருடைய தற்றுணிபு பாடசாலைக்குள் வந்து இறங்கியது. 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவு என்ற ஒன்று இருக்கிறது, பாராளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் பகுதியில் எதற்குச் செலவழிக்கலாம் என்று முன்மொழிவார்கள், கச்சேரி என்கிற மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் அதைச் செய்து முடிப்பார்கள். அதில் மேளம் என்று எழுதினால் மேளம் வரும், பிளாஸ்ரிக் கதிரை என்று எழுதினால் கதிரை வரும். பாடசாலையிடம் "என்ன வேண்டும்" என்று கேட்பதும் உண்டு, கேட்காமல் தருவதும் உண்டு. எங்களுக்கு வந்தது கேட்காமல் வந்தது. வேண்டாம் என்று சொல்ல அதிபருக்குத் துணிவில்லை, அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை, ஒருமுறை வேண்டாம் என்றால் அடுத்த முறை வேண்டும் என்று கேட்கப் போகவே முடியாது.

வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்கள் அனுப்புவதும் இதே சாதிதான். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் குளிருக்குள் இரட்டை வேலை செய்து அனுப்புகிற காசு, அதை நான் இளக்காரமாகப் பேசவில்லை. ஆனால் மூன்று வருடத்தில் ஒருவர்கூட "மலசலகூடம் கழுவுகிற அம்மாவுக்கு ஒரு வருடக் கூலியை நான் தருகிறேன்" என்று எழுதவில்லை. நுழைவாயில் வளைவு கட்ட இரண்டு பேர் போட்டி போட்டார்கள். வளைவில் பெயர் பொறிக்கலாம், கழுவின தரையில் பொறிக்க முடியாது.

இனி ஃபேன் கதை. அதிபர் சொன்னது உண்மைதான், மேளத்தை விற்று ஃபேனைத் திருத்த முடியாது. ஆனால் ஃபேனைத் திருத்தாமல் விட்டதற்கு அது காரணமல்ல. நான் குழுவில் சேர்ந்து முதல் வேலையாக அதைத்தான் துருவினேன். அந்த ஃபேன் இரண்டும் ஒரு பழைய மாணவர் அணி கொடுத்தவை. கொடுத்த அன்றைக்குப் படம் எடுத்தார்கள், ரிபன் வெட்டினார்கள், இன்வென்ரறிப் புத்தகத்தில் ஏற்ற மறந்துவிட்டார்கள். புத்தகத்தில் இல்லாத பொருளுக்குத் திருத்தச் செலவு எழுதினால், "இல்லாத ஃபேனை எப்படித் திருத்தினீர்கள்?" என்று கணக்காய்வுக்கு வருகிறவர் கேட்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். அதனால் அது இரண்டு வருடமாகத் தலைக்கு மேலே சட்டப்படி இல்லாமலே தொங்கிக்கொண்டிருந்தது. நன்கொடைக் கடிதத்தைத் தேடிப் பிடித்து, புத்தகத்தில் ஒரு வரி எழுதி, அதிபரும் பொறுப்பாசிரியரும் கையெழுத்துப் போட்டு முடிக்கக் கால் மணித்தியாலம். மின்சார வேலைக்காரப் பெடியன் ஏறிப் பார்த்துவிட்டு "கெப்பாசிற்றர்தான் அண்ணன் போயிருக்கு" என்றான். சில நூறு ரூபாச் சாமான்.

அந்தச் சில நூறு ரூபா எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு பாடம். எல்லாவற்றுக்கும் காசோலை எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால் சில்லறைக் காசு என்று ஒரு சின்னத் தொகையைக் கையில் வைத்திருப்பார்கள். அது முடிய முடிய, செலவுச் சீட்டுகளைக் காட்டித் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். எந்த நேரம் எண்ணினாலும் கையில் உள்ள காசையும் சீட்டுகளையும் கூட்டினால் தொடக்கத் தொகை வரவேண்டும். இதுதான் விதி, இவ்வளவுதான் விதி. ஆனால் இதில்தான் ஆட்கள் வழுக்கி விழுவது. கள்ளத்தனத்தால் விழுகிறவர்களைவிடச் சீட்டு வாங்க மறந்து விழுகிறவர்கள் அதிகம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

சீட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற குழாய் ஒருநாள் வெடித்தது. பைப் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தோம், உப்புவெளிக்காரர், கைராசியான ஆள். வேலை முடிந்தது, கூலி கொடுக்க வேண்டும். "பில் தாங்கோ அண்ணன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் பைப் வேலைக்காரன், கடை இல்லையே தம்பி." பிறகு பொறுப்பாசிரியை, இதிலெல்லாம் ஊறின ஆள், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். என்ன வேலை, எந்த இடத்தில், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு, திகதி, கீழே பாஸின் முழுப்பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. பக்கத்தில் வேலை நடந்ததைக் கண்ட ஒரு ஆசிரியரின் கையெழுத்து. வாங்கின முழங்கை, சொலூஷன், நூல் எல்லாவற்றுக்கும் கடைப் பில் தனியாகப் பின்னால் குத்தப்பட்டது. அதற்கு மேலே செலவு உறுதிச்சீட்டு, அதில் தீர்மான இலக்கம். ஒரு வெடித்த குழாய்க்கு நாலு தாள். எனக்கு அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வருடம் வேறொரு பிரச்சினையில் யாரோ மொட்டைக் கடிதம் போட்டு விசாரணை வந்தபோது, அந்த நாலு தாளைப் போல ஒவ்வொரு செலவுக்கும் இருந்ததால்தான் அந்தப் பொறுப்பாசிரியை நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

பெரிய சாமான் என்றால் மூன்று இடத்தில் விலைமனு எடுக்க வேண்டும். பெற்றாருக்கு இதில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு, "பக்கத்துக் கடையில் இதைவிட மலிவாக இருக்கே, ஏன் அங்கே வாங்கவில்லை?" பல நேரம் பதில் என்னவென்றால், பக்கத்துக் கடைக்காரர் எழுத்தில் விலை தரமாட்டார், காசோலை வாங்கமாட்டார், அரசாங்கத்துக்குக் கடனுக்குக் கொடுத்து அலைய முடியாது என்பார். சில நேரம் பதில் வேறு, மூன்று விலைமனுவும் ஒரே கையெழுத்தில் இருக்கும். அப்படி ஒன்றை நான் கண்டேன். மூன்று கடை, மூன்று கடிதத் தலைப்பு, "மேசை" என்பதில் ஒரே எழுத்துப் பிழை. குழுவில் அதைக் காட்டிப் பேசினோம், திரும்ப எடுத்தோம். அவ்வளவுதான் நடந்தது, படத்தில் வருகிற மாதிரி ஒருவரும் கைதாகவில்லை.

வருடமும் காசும் ஒன்றாகப் போவதில்லை

எனக்கு இந்த மூன்று வருடத்தில் உறைத்த விஷயம் இதுதான். எவ்வளவு காசு என்பதை விட எப்போது காசு என்பதுதான் சின்னப் பாடசாலையின் தலையெழுத்து.

காகிதத்தில் எல்லாம் அழகு. பாடசாலைக்கு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று இருக்க வேண்டும், அதிலிருந்து வருடாந்த அமுலாக்கல் திட்டம் ஒன்று வர வேண்டும், அதில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே எந்தக் காசு, எந்த மாதம், யார் பொறுப்பு என்று கட்டம் போட்டிருக்கும். 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்துக்குப் பிறகு பெற்றாரும் பழைய மாணவரும் இருக்கிற அபிவிருத்திக் குழு ஒன்று இதில் கைவைக்க இடமும் உண்டு. நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆனால் ஜனவரியில் காசு வருவதில்லை. அனுமதி வரும், சுற்றுநிருபம் வரும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காசு வரும், சில வருடம் கடைசிப் பங்கு வருகிற நேரம் மூன்றாம் தவணைப் பரீட்சைத் தாள் அச்சடித்து முடிந்திருக்கும். அப்போது வலயத்திலிருந்து அழைப்பு: பத்து நாளுக்குள் செலவழித்துக் கணக்குத் தாருங்கள். பத்து நாளில் ஒரு பாடசாலை எதை வாங்கும்? கடையில் எது அடுக்கி இருக்கிறதோ அதை வாங்கும். டிசம்பரில் வாங்கின பூகோள உருண்டைகள் எங்கள் அலுமாரியில் ஏழு இருக்கின்றன. புவியியல் படிப்பிக்க ஒரு ஆசிரியர்கூட அப்போது இல்லை.

எஸ்.டி.எஸ். காசுக்கு வேறு நாட்காட்டி. அங்கத்துவப் பணம் வருடத் தொடக்கத்தில் வரும், வந்த கையோடு இல்ல விளையாட்டுப் போட்டி. கூடாரம், ஒலிபெருக்கி, பிரதம விருந்தினருக்கு மாலை, பிள்ளைகளுக்குக் குளிர்பானம். போட்டி முடியப் பாதி காலி. பிறகு ஒக்ரோபர் வரும். முதலாம் திகதி சிறுவர் தினம், ஆறாம் திகதி ஆசிரியர் தினம், அதை ஒட்டியே வாணி விழா. மூன்றும் பிள்ளைகள் ஆசையோடு காத்திருக்கிற நாட்கள், எதையும் வேண்டாம் என்று சொல்ல நான் ஆளில்லை, என் மகளே சரஸ்வதி வேஷம் போட்டவள். அவலும் கடலையும் பஞ்சாமிர்தமும் முடிந்து பார்த்தால் வங்கிப் புத்தகத்தில் நாலாயிரம். ஒக்ரோபர் கடைசியில் வாடை தொடங்கும், நவம்பரில் மாரி கொட்டும்.

திருகோணமலையில் இருப்பவருக்கு விளக்கத் தேவையில்லை. எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் விழுந்து முடிந்துவிடும். கூரை ஒழுகுவதும், பீலி அடைபடுவதும், மலசலகூடக் குழி நிரம்புவதும், மின்சார வயர் நனைவதும் அப்போதுதான். அதாவது, பாடசாலைக்குத் தன்னிஷ்டக் காசு அதிகம் தேவைப்படுகிற மாதமும், அது துடைத்து எடுத்த மாதிரி இல்லாமல் போகிற மாதமும் ஒன்று. என் முதல் வருடம் நாலாம் ஆண்டு வகுப்பில் முகட்டு ஓடு இரண்டு விலகி, பிள்ளைகள் வாங்கை இழுத்து இழுத்துக் கடைசியில் ஒரு மூலைக்குள் 22 பேர் ஒடுங்கி இருந்தார்கள். நடுவில் இரண்டு வாளி. ரீச்சர் கொஞ்ச நேரம் படிப்பிப்பார், கொஞ்ச நேரம் வாளி ஊற்றுவார். நாங்கள் வலயத்துக்குக் கடிதம் எழுதினோம். பதில் வந்தது, அடுத்த வருடத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி. அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை, கட்டடத் திருத்தத்துக்கு என்று பெயர் வைத்த காசு அந்த வருடத்துக்கு முடிந்துவிட்டது.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, அதற்கு முந்தின மாதமே தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள், செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. ஒதுக்கீடு பழைய எண்ணிலேயே இருக்க, தாள் விலை பல மடங்கு ஏறியது. காகிதத்தில் குறையாத காசு கையில் எப்படிக் குறையும் என்பதை அந்த வருடம்தான் கண்ணால் பார்த்தோம். ஒரு பக்கத்தில் அச்சடித்த பழைய தாள்களின் பின்பக்கத்தில்தான் எங்கள் பிள்ளைகள் பயிற்சி செய்தார்கள்.

பெற்றார் எதைக் கேட்கலாம்?

கேட்கலாம், கேட்க வேண்டும். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையை ஒரே மூச்சில் வாசிப்பார்கள், "ஏற்றுக்கொள்கிறோம்" என்று ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், பிறகு வடையும் தேத்தண்ணியும். வாசிக்கிறபோது இரண்டு எண்ணை மட்டும் கையில் எழுதிக்கொள்ளுங்கள்: போன வருடம் முடிவில் எவ்வளவு மிச்சம், இந்த வருடம் தொடக்கத்தில் எவ்வளவு மிச்சம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைக் கேட்க யாரும் கணக்காளராக இருக்கத் தேவையில்லை. அப்புறம், காசு வாங்கினால் பற்றுச்சீட்டு. நூறு ரூபா என்றாலும் பற்றுச்சீட்டு. சீட்டில்லாமல் வகுப்பில் சேர்க்கிற காசு எந்தப் புத்தகத்திலும் ஏறாது, ஏறாத காசுக்குக் கணக்குக் கேட்கவும் முடியாது. திரைச்சீலைக்கு, பெயின்றுக்கு என்று ஆசிரியர் நல்ல மனதோடுதான் சேர்ப்பார், ஆனால் ஒரு பெற்றார் மனம் கசந்து முறையிட்டால் மாட்டுவது அந்த நல்ல மனம்தான். முதலாம் ஆண்டு அனுமதிக்கு என்று யாராவது கேட்டால் அது நன்கொடையே அல்ல, அதற்கு இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இருக்கிறது.

இதற்கும் மேலே போக வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில். தர உள்ளீடு எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று எழுதிக் கேட்டால் 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஆனால் என் அபிப்பிராயம், அதைக் கடைசியில் வையுங்கள். முதலில் அதிபரிடம் நேரே போய், "சேர், வருடாந்தத் திட்டத்தை ஒருக்கால் பார்க்கலாமோ?" என்று கேளுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாத அதிபர் எடுத்து நீட்டிவிடுவார், பலருக்கு யாராவது கேட்டார்களே என்ற சந்தோஷம்கூட வரும். எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல், மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு வருடக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரின் கீழ்தான் ஓடியது. அதனால் மாகாணக் கல்விக் காசைப் பற்றிக் கேட்க நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பின ஒருவர் அங்கே இல்லை. அந்த இடைவெளியில் பெற்றார் கூட்டம்தான் மிச்சம்.

தொண்டர் ஆசிரியர் விஷயம் எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். ஒன்று மட்டும்: கணிதத்துக்கு ஆளில்லாமல், பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருத்திக்கு எஸ்.டி.எஸ். காசில் மாதம் ஒரு சின்னத் தொகை கொடுத்து அவளைக்கொண்டு எட்டு மாதம் படிப்பிக்க வைத்தோம். அந்தக் காசு செலவான எந்த வழியை விடவும் அதுதான் பிரயோசனமான வழி, அவளுக்கு நாங்கள் செய்த அநியாயமும் அதுதான்.

கூரை ஓட்டுக் கதைக்கு வருகிறேன். வாளி வைத்த வருடம் முடிந்து, பொதுக்கூட்டத்தில் பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு தீர்மானம் எழுதினோம். எஸ்.டி.எஸ். காசில் 40,000 ரூபாவை நவம்பர் 30 வரை கூரைக்கும் தண்ணீருக்கும் தவிர வேறு எதற்கும் தொடுவதில்லை. பெயரில்லாத காசுக்கு நாங்களாகவே ஒரு பெயர் வைத்தோம். பெப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக் குழு வந்து கேட்டது, "கூரை இப்ப நல்லாத்தானே இருக்கு?" ஒக்ரோபரில் வாணி விழாக் குழு, அதில் என் மனைவியும் இருந்தாள், வீட்டிலேயே கேட்டாள். இரண்டு முறையும் செயலாளர் ஒன்றும் பேசாமல் கூட்டறிக்கைப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். வாணி விழாவில் அந்த வருடம் பஞ்சாமிர்தம் இல்லை, கடலை மட்டும்.

நவம்பர் நடுப்பகுதியில் ஒரு இரவு மழை பிடித்து விடியும்வரை விடவில்லை. காலையில் ஆறாம் ஆண்டுப் பக்கம் ஓடு விலகியிருந்தது, பீலி கழன்று தொங்கியது. மேசன் பாஸ் அன்றைக்கே வந்தார். ஓடு, பீலி, கூலி எல்லாம் சேர்த்து 31,500. மிச்சம் 8,500ஐ என்ன செய்வதென்று அடுத்த கூட்டத்தில் பேச எடுத்தபோது, அந்தப் பழைய அம்மா பின் வாங்கிலிலிருந்து எழும்பினார். ஏழாம் ஆண்டு வகுப்பிலும் ஒரு ஃபேன் சுற்றவில்லையாம்.